டப்பா விஷயமாக மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் மிகுந்த மரியாதையோடும், அதற்குக் கொஞ்சமும் குறையாத கோபத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வண்டி சௌக்கியமாக இல்லை. அங்கே தாங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, கேட்க முடியவில்லை; ஏனென்றால் போன வாரத்திலிருந்து என் மகள் என் போனை எடுப்பதில்லை. அவள் அம்மா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறாள். அந்தப் போனை நான் வாங்கி "ஹலோ" என்றால் உடனே சிக்னல் போய்விடுகிறது. ஆம்புலன்ஸ்களுக்கெல்லாம் சிக்னல் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் தங்கள் வீட்டில், மாமனாரின் குரல் கேட்டதும் சிக்னல் போவது எப்படி என்று தாங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

உங்கள் அத்தை என்னை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி மேசையில் உட்கார வைத்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே, "'தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுடுங்க'ன்னு முதல் வரியிலேயே போட்டுடுங்க" என்கிறாள். நானும் தலையை ஆட்டுகிறேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு என் கையெழுத்து புரியாது. அலமாரியின் மேல்தட்டில் அந்தக் கண்ணாடி இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன், இது மன்னிப்புக் கடிதம் அல்ல. விளக்கக் கடிதம். அன்றைக்குத் தலைமை அலுவலகத்தின் கூட்ட அறையில், இயக்குநர் முதலான பெரியவர்கள் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது, என் குரலில் வந்த சொற்கள் யாரைப் பற்றியவை, அவை எந்த நிலைமையில் வாயைவிட்டு வெளியே வந்தன என்பதை ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். தாங்களே முன்னின்று நடத்திய வேலைதான். இருந்தாலும் நாற்காலியிலிருந்து பார்ப்பது வேறு, ஸ்டியரிங்கிலிருந்து பார்ப்பது வேறு.

நான் ஓட்டும் ஆம்புலன்ஸில் ஏற்கெனவே ஒரு டப்பா இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில், என் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சிம் போட்டுக்கொண்டு இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். கன்ட்ரோல் ரூமிலிருந்து முகவரி வரும், போவேன், ஆளை ஏற்றுவேன், ஆஸ்பத்திரியில் இறக்குவேன், பட்டனை அமுக்குவேன். மெதுவானதுதான், ஆனால் எதிர்த்துப் பேசாது. அதுவும் நானும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய சிக்னலை போன் கம்பெனிக்காரர்கள் நிறுத்தப் போகிறார்களாம், அதனால் எல்லா ஆம்புலன்ஸ்களிலும் தகவல் தொடர்பை மேம்படுத்தப் போகிறீர்களாம். நிறுத்தப் போகிறவனிடம் போய் "ஏன்யா நிறுத்தறே?" என்று சட்டையைப் பிடித்திருந்தால் நான் முதல் ஆளாகப் பின்னால் வந்து நின்றிருப்பேன். அதை விட்டுவிட்டு, ஒரு பாவமும் அறியாத என் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

கூரையில் துளை போட்டார்கள், மாப்பிள்ளை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே போட்டார்கள். பல் டாக்டரின் நாற்காலியில் நானே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தால்கூட அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு கூசியிருக்காது. துளையின் மேல் படுத்திருக்கும் ஆமை மாதிரி ஒரு கறுப்பு ஆன்டெனாவை உட்கார வைத்தார்கள். உள்ளே புது டப்பா, அதில் இரண்டு கம்பெனி சிம், ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று எழுந்துகொள்ளுமாம். எனக்கு முன்னால் ஒரு டேப்லெட். முன்பக்கம் என் முகத்துக்கு நேரே ஒரு காமிரா, பின்பக்கம் நோயாளிக்கு மேல் ஒரு காமிரா, ஒரு சின்னத் திரை. ஈசிஜி எடுத்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் மேசைக்குப் போய்விடுமாம். மாட்ட வந்த ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே இது வண்டி இல்லண்ணே, ஓடுற ஆபீஸ்" என்றார். ஆபீஸ் உத்தியோகம் நமக்குச் சரிப்பட்டு வராது என்றுதான் நான் வண்டி ஓட்டவே வந்தேன். அந்த ஆபீஸ் எத்தனை தந்திரமாக என்னைத் தேடிப் பிடித்திருக்கிறது பாருங்கள்.

முதல் மழையிலேயே அந்த ஆமைக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டி முழுவதும் இடமிருக்க, சரியாக என் உச்சந்தலையில் சொட்டியது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கிராஃப் சார். எதைச் சொன்னாலும் டேப்லெட்டைத் திருப்பி ஒரு கிராஃபைக் காட்டுவார். "பாருங்க, மழை பெய்யும்போதும் சிக்னல் அப்படியே இருக்கு, கொஞ்சம்கூட இறங்கல" என்று காட்டினார். "சிக்னல் இறங்கல சார், தண்ணிதான் இறங்குது" என்றேன். அதற்குக் கிராஃப் இல்லையாம். பிளாஸ்திரி வைத்து ஒட்டிக்கொள்ளச் சொன்னார். நர்ஸம்மா பெரிய மனது பண்ணி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் கூரைக்கு ஒட்டினாள். என்னோடு வண்டியில் வரும் இந்த நர்ஸம்மாவைத் தாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் குரலைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

வண்டிக்குள் வைஃபை இருக்கிறது என்ற செய்தி ஊருக்கு எப்படித்தான் தெரிந்ததோ. எங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தம். வண்டியை நிறுத்தினால் சுற்றிலும் பத்திருபது பேர் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். உயிர் காக்கும் சேவையின் மேல் ஜனங்களுக்குத் திடீரென்று இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவரைக் கூப்பிட்டு நன்றி சொல்லப் போனேன். "சார், அந்த பாஸ்வேர்டு மட்டும் சொன்னீங்கன்னா..." என்றார். இது பரவாயில்லை. கால் முறிந்த ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு போகிறேன், அவர் வலியில் கத்துகிறார், கூட வந்த மச்சான் என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, நெட்டு ரொம்ப ஸ்லோவா இருக்கே, கொஞ்சம் பாருங்க" என்கிறார். நான் பார்க்க வேண்டியது ரோட்டையா நெட்டையா? கால் முறிந்தவரே கத்துவதை நிறுத்திவிட்டு, "டேய், வீடியோவை ஆஃப் பண்ணுடா, என் எக்ஸ்ரே போக வேண்டாமா?" என்று அதட்டினார். எக்ஸ்ரே ஆஸ்பத்திரியில்தான் எடுப்பார்கள் என்று அவருக்கு யார் சொல்வது.

அடுத்து பிரேக் விவகாரம். நான் எங்கே பிரேக் போட்டாலும் இந்த டப்பா தலைமை அலுவலகத்துக்குக் கோள் சொல்லிவிடுகிறது. கிராஃப் சார் என்னைக் கூப்பிட்டு, ஒரு கோட்டில் ஊசி மாதிரி நிமிர்ந்திருந்த இடத்தைக் காட்டி, "இங்க ரொம்ப முரட்டுத்தனமா பிரேக் போட்டிருக்கீங்க" என்றார். "சார், அந்த இடத்துல ஒரு குழந்தை பந்து பின்னாடி ஓடி வந்துச்சு." "டேட்டாவுல குழந்தை இல்லையே." "டேட்டாவுல இல்ல சார், ரோட்டுல இருந்துச்சு. இப்பவும் இருக்கு. நான் பிரேக் போட்டதால இருக்கு." அவர் என்ன செய்தார் தெரியுமா? "இனிமே கொஞ்சம் மெதுவா போட்டுப் பழகுங்க" என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். இந்தக் கோள் மூட்டும் வசதியும் மேம்பாட்டில் சேர்ந்ததுதானா, அல்லது மாமனார் மேல் இருக்கும் தனி அன்பினால் என் வண்டிக்கு மட்டும் வைத்தீர்களா என்பதைத் தாங்கள் மனம்விட்டுச் சொல்லலாம். நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் அத்தை இப்போது, "என்னங்க, ஒரு மன்னிப்புக்கு இத்தனை பக்கமா?" என்று கேட்கிறாள். பெரிய மன்னிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் கிராஃப் சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "இன்னிக்கு ஹெட் ஆபீஸ்ல பெரிய மீட்டிங். உங்க மாப்பிள்ளைதான் நடத்துறார். நம்ம வண்டியைத்தான் திரையில நேரடியா காட்டப் போறாங்க. நோயாளி இருக்கிற பக்கம் டாக்டருக்கு மட்டும்தான் தெரியும், பயப்படாதீங்க. முன்பக்கக் காமிராவை எல்லாரும் பார்ப்பாங்க. கொஞ்சம் டீசென்ட்டா இருங்க" என்றார். நான் தலை வாரிக்கொண்டேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்று முதுகை நிமிர்த்தி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்து ஓட்டினேன். ஒன்றை மட்டும் தாங்கள் கவனிக்க வேண்டும். பார்ப்பார்கள் என்றுதான் அவர் சொன்னார். கேட்பார்கள் என்று சொல்லவில்லை. காமிராவுக்காவது ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. மைக் எங்கே இருக்கிறது என்றே இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைத்தெருவில் ஒரு தையற்காரருக்கு நெஞ்சு வலி என்று அழைப்பு வந்தது. போனோம். நல்ல கனத்த சரீரம், தையல் மெஷினில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், முகமெல்லாம் வேர்வை, கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. "எனக்கு ஒண்ணுமில்ல, வாயுதான். நாளைக்கு ஸ்கூல் யூனிஃபாரம் எல்லாம் குடுக்கணும்" என்கிறார். அவர் மனைவி கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு அழுகிறாள். நர்ஸம்மா அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எங்கள் தொழிலில் அர்த்தம் உண்டு. அவரைத் தூக்கி வைத்து, மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிளாஸ்திரி பிரிந்து என் தலையில் சொட்டத் தொடங்கியது. தலைமை அலுவலகம் பார்க்கிறதே என்று துடைக்கக்கூட இல்லாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் நர்ஸம்மா வயர்களை ஒட்டி ஈசிஜியை அனுப்பினாள். திரையில் டாக்டர் வந்தார். "பயப்படாதீங்க, நான் உங்களை நல்லா..." என்று ஆரம்பித்தவர், வாயைத் திறந்தபடி, ஒரு கண்ணைப் பாதி மூடியபடி அப்படியே நின்றுபோனார். படம் உறைந்துவிட்டது. தையற்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், "ஐயையோ, டாக்டருக்கு என்னமோ ஆயிடுச்சும்மா! என்னை ஓரமா இறக்கிவிட்டுட்டு முதல்ல அவரைப் போய்ப் பாருங்க!" என்று எழுந்திருக்கப் பார்க்கிறார். நெஞ்சு வலிக்காரரை அமைதியாகப் படுக்க வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. உங்கள் டப்பா அவரை எழுந்து உட்கார வைக்கிறது. நர்ஸம்மா அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது சிம் எழுந்துகொண்டதோ என்னவோ, டாக்டர் வாயை மூடினார். தையற்காரர், "பொழச்சுக்கிட்டாரு" என்று பெருமூச்சு விட்டுப் படுத்தார்.

அதுவரை நான் வாயே திறக்கவில்லை என்பதைத் தாங்கள் திரையில் பார்த்திருப்பீர்கள். வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரி வந்துவிட்டது. மழையில் அதன் வாசல் விளக்கு தெரிகிறது. என் சைரனைக் கேட்டு வாட்ச்மேன் குடையோடு ஓடிவந்து கேட்டைத் திறக்கிறார். இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து டேப்லெட்டில் இருக்கும் அம்மாள், கொஞ்சமும் பதற்றமில்லாத குரலில், "பாதை மாற்றப்பட்டுள்ளது. நேராகச் செல்லவும்" என்கிறாள். பின்னாலிருந்து நர்ஸம்மா, "அண்ணே, இங்க வேண்டாமாம். டாக்டர் ஈசிஜி பார்த்துட்டாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாரு. திருப்பாதீங்க, நேரா விடுங்க!" என்று கத்துகிறாள். தையற்காரரின் மனைவி என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைத் தட்டுகிறாள். "ஆஸ்பத்திரி இங்க இருக்கு! ஏன் போறீங்க? நிறுத்துங்க!" வாட்ச்மேன் திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு, தாண்டிப் போகிற என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

மாப்பிள்ளை, இத்தனை வருஷமாக நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றினால் பக்கத்தில் இருக்கும் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த வாசலை என் கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒரு டப்பா சொன்னதற்காகத் தாண்டிப் போகிறேன். முன்னால் பாலம் முழுக்க வண்டி. பின்னால் ஒரு பெண்ணின் அழுகை. கண்ணாடியில் தையற்காரரின் கால் மட்டும் தெரிகிறது, அது அசையவில்லை. தலையில் தண்ணீர் சொட்டுகிறது. என் நிலைமையில் தாங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஆளுக்கு ஒரு விதமாகத் திரித்துச் சொல்லியிருப்பார்கள்:

"என்ன எழவு டப்பாடா இது! ஆஸ்பத்திரியைக் கண்ணுல காட்டிட்டுத் தாண்டிப் போகச் சொல்லுது! அந்த மனுஷனுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா இந்த டப்பாவா வந்து பதில் சொல்லும்? இதைச் செஞ்ச மடையன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அவன் மண்டையில ஒரு துளையைப் போட்டு இந்த ஆன்டெனாவை நட்டுடறேன்! இவனுக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுத்தான்?"

ஒரு கையில் மருந்து பாட்டிலையும் இன்னொரு கையில் தையற்காரரையும் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, தலையைக்கூடத் திருப்பாமல், நிதானமாகச் சொன்னாள்: "நீங்கதாண்ணே குடுத்தீங்க."

 அடுத்தபடியாக டாஷ்போர்டிலிருந்து கன்ட்ரோல் ரூம் பெண் மெல்லிய குரலில், "அண்ணே... மைக் ஆன்ல இருக்கு. ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் லைன்ல இருக்காங்க" என்றாள். தூரத்தில் யாரோ இருமினார்கள். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது தங்களுக்குப் புரையேறினால் வருமே, அதே இருமல்.

இப்போது விளக்கத்துக்கு வருகிறேன். மடையன் என்பது பொதுவாகச் சொல்வது. கதவு சரியாகச் சாத்தவில்லையென்றால் தச்சனை நாம் எல்லாரும்தான் திட்டுகிறோம், அதற்காக எந்தத் தச்சனின் மனைவி தன் அப்பாவோடு பேசாமல் இருக்கிறாள்? இரண்டாவது, பெண் கொடுத்தவன் யார் என்ற கேள்வி. அந்த வாக்கியத்தை நன்றாக யோசித்துப் பார்த்தால், அதில் வசை வாங்கியது மாப்பிள்ளை அல்ல, மாமனார். அதாவது நான். என்னை நான் திட்டிக்கொண்டதை நான் மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன். இதில் மற்றவர்கள் மனம் புண்பட என்ன இருக்கிறது? என் மகளுக்கு இதைத் தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொல்ல வாயெடுத்தால் சிக்னல் போய்விடும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. உண்மையான அவமானம் இனிமேல்தான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தேன். வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு ஒரு வேலை உண்டு. "வழி விடுங்க! நெஞ்சு வலி! டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று நான் போடும் சத்தத்தில்தான் ஆஸ்பத்திரியே விழித்துக்கொள்ளும். நோயாளியின் வயது, வலி எப்போது ஆரம்பித்தது, என்ன கொடுத்தோம் என்று கூடவே ஓடிக்கொண்டே சொல்வேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரோடு நாலைந்து பேர் நிற்கிறார்கள். கையில் எங்கள் ஈசிஜி. தையற்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்னைத் தாண்டி, ஒரு கதவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். "டாக்டர், இவருக்கு..." என்று பின்னாலேயே ஓடினேன். இளவயது டாக்டரம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்து, "எல்லாம் வந்துடுச்சுங்க. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்றாள்.

வண்டியைத் தள்ளி நிறுத்தினேன், மாப்பிள்ளை. வேறென்ன செய்வது? என் வாயில் இருந்த அத்தனையும் எனக்கு முன்னாலேயே அந்தக் கூரை ஆமை வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே.

தையற்காரரின் மனைவி நடையில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க அந்த ஆஸ்பத்திரியில நிறுத்தல? என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்" என்றாள். நியாயமான கேள்வி. நான் கேட்ட அதே கேள்வி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? "இல்லம்மா, அங்க அடைப்பை எடுக்கிற வசதி கிடையாது. அங்க போயிருந்தா பார்த்துட்டு மறுபடி இங்கதான் அனுப்புவாங்க. அந்த நேரம் மிச்சம். படம் வழியிலேயே டாக்டருக்குப் போயிடுச்சு, அதைப் பார்த்துத்தான் அவரு சொன்னாரு" என்று, நர்ஸம்மா எனக்கு விளக்கியதையே அவளுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எரிச்சலாக வந்தது. உங்கள் டப்பாவுக்கு வக்காலத்து வாங்க இந்த உலகத்தில் வேறு ஆளா இல்லை? என் வாயிலிருந்தா வர வேண்டும்?

உள்ளே இருந்து டாக்டரம்மா வந்து, அடைப்பை எடுத்தாயிற்று, ஆள் பிழைத்துவிட்டார், நேராக இங்கே கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றாள். அந்தப் பெண் எழுந்து நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டுதான் நின்றேன். அதில் ஆறிப்போன டீயைக் கொடுத்துவிட்டுப் புருஷனைப் பார்க்க ஓடிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். தெம்பாக உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மாவை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டார். திரையில் வந்த டாக்டருக்கு ஒரு கோட்டு தைத்துத் தரப் போகிறாராம். கழுத்துக்கு மேல்தான் பார்த்திருக்கிறேன், தோள் அளவு தெரியவில்லையே என்று அவருக்கு ஒரே கவலை. என்னைப் பார்த்து மரியாதையாக, "சார் யாரு?" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மழையில் பாலத்தைத் தாண்டி, ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தவனைப் பார்த்து, சார் யாரு! நர்ஸம்மா, "டிரைவர் அண்ணன்" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொஞ்சம் திரும்புங்க" என்றார். திரும்பினேன். "ஆமா ஆமா! இந்தப் பிடரிதான். வழி பூரா இதைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். தலையில தண்ணி சொட்டச் சொட்ட அசையாம உட்கார்ந்திருந்தீங்களே. இந்த ஆளு அசையல, நமக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என் கழுத்தை இரண்டு விரலால் அளந்து பார்த்து, சட்டையின் காலர் ஒரு சுற்று சின்னது, அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது என்றார். வெளியே வந்து கொஞ்ச நேரம் வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.  அது வேறு விஷயம், இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லை.

சம்பந்தமுள்ளது இதுதான். அந்தத் தையற்காரர் பிழைத்தார் என்பதற்காக இந்த டப்பா செய்த அட்டூழியமெல்லாம் சரியாகிவிடாது. என் பிரேக்கைக் கோள் சொல்கிறது, என் தலையை நனைக்கிறது, ஊரை வண்டியைச் சுற்றி நிற்க வைக்கிறது, என் தொண்டைக்கு வேலையில்லாமல் ஆக்கிவிட்டது, என் குடும்பத்தில் பிளவை உண்டுபண்ணியிருக்கிறது. ஆகையால் தாங்கள் தயவு தாட்சண்யம் பாராமல் இந்த டப்பாவை என் வண்டியிலிருந்து உடனே கழற்ற உத்தரவு போட வேண்டும். இல்லையென்றால் வண்டிச் சாவியைக் கிராஃப் சாரின் மேசையில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்பதை இதன் மூலம் திட்டவட்டமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இது மாமனார் என்ற முறையில் கேட்பதல்ல. ஓட்டுநர் என்ற முறையில் கேட்பது.

மற்றபடி தாங்களும் என் மகளும் பேத்தியும் எல்லா நலமும் பெற்று, ஒரு குறையுமில்லாமல், ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டு நீடு வாழ எங்கள் இருவரின் ஆசிகள். பேத்திக்கு என் முத்தங்கள். மகளுக்கும் ஆசிகள், அவள் வாங்கிக்கொண்டால். உங்கள் அத்தை தன் அன்பைத் தனியாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். மன்னிப்பை அழுத்தமாக எழுதியாயிற்றா என்றும் கேட்டாள். பேனா பேப்பரில் குத்துகிற அளவுக்கு அழுத்தியிருக்கிறேன் என்றேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாத,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா நிலையத்திலிருந்து போன் செய்தாள். தங்கள் ஆபீஸிலிருந்து ஃபிட்டர் வந்திருக்கிறாராம். ஓட்டுநர் ஆட்சேபித்ததால் டப்பாவைக் கழற்றி வேறு வண்டிக்கு மாட்டச் சொல்லித் தங்கள் உத்தரவாம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். யாரைக் கேட்டு இந்த உத்தரவைப் போட்டீர்கள்? என் வண்டி டப்பாவை எவனோ ஒருவன் வண்டியில் மாட்டுவதற்கு நான் என்ன செத்தா போய்விட்டேன்? நாளைக்கு இன்னொரு நெஞ்சு வலிக்காரர் ஏறிப் படுத்தால் எந்த வாசலில் நிறுத்துவது என்று நான் யாரைக் கேட்பேன்? கோபத்தில் நாலு வார்த்தை சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வதா? மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். ஃபிட்டரின் ஸ்க்ரூடிரைவரை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தாங்கள் நேரில் வந்து கேட்டால்தான் தருவேன். தனியாக வந்தாலும் தர மாட்டேன், என் மகளும் பேத்தியும் கூட வர வேண்டும். அதுவரை ஃபிட்டர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். சீக்கிரம் வரவும்.